பூதலிங்கத்தின் காலை விடாத பலகைகள்

ஆரியங்கோட்டு எஸ்டேட்டிலிருந்து பூதலிங்கம் மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிய இரண்டு பலகைகளும் எதற்கானவை என்று பாறசாலைக்குத் தெற்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் உயரத்துக்கும் மேலே நீளம். ஒரு சாண் அகலம். முன்பக்கம் மூக்கு மட்டும் மேல் நோக்கி வளைந்திருந்தது. நடுவில் கால் நுழைக்கிற அளவுக்கு ஒரு தோல் வார். ஜட்கா வண்டியின் உடைந்த உறுப்பு என்று சிலர் சொன்னார்கள். வெள்ளைக்காரர் ஊரில் பிள்ளைகளை ஆட்டுகிற தொட்டிலுக்கு இதுதான் கால் என்று அம்மாவி, அதாவது தாய்மாமன் மனைவி, தீர்மானமாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. முற்றத்தில் இரண்டையும் கிடத்தி, கழுவித் துடைத்து, மேலே அரிசி வற்றல் பிழிந்து காயவைத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்த பூதலிங்கம் வற்றல் உதிர்ந்துவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டான். பிறகு பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிழிந்த மாவு ஒட்டியிருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தவர்கள், அடிபட்ட கன்றுக்குட்டிக்கு மருந்து போடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பூதலிங்கத்தின் அப்பா சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். அப்பாவின் அப்பாவும் அப்படியே. அந்த வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் ஜாதகம் கணிப்பதற்கு முன்பே எந்தக் கச்சேரியில் எந்த முக்காலி என்று பேச்சு தொடங்கிவிடும். பூதலிங்கத்துக்கு மட்டும் விரலில் மை ஒட்டுவதைவிட எண்ணெய் ஒட்டுவதில்தான் ஆசை. சிறு வயதிலேயே அப்பாவின் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுத் திரும்பவும் பூட்டியவன் அவன். கடிகாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு பல் சக்கரம் மட்டும் மிச்சம் வந்தது. அதை அக்கா பகவதியிடம் கொடுத்தான். அவள் அதைக் குங்குமச் செப்புக்குள் போட்டு மூடினாள். இருவருமே வாய் திறக்கவில்லை. அந்தக் கடிகாரம் அதற்குப் பிறகும் அவர்கள் வீட்டில் ஒரு நாள்கூட நின்றதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்பா போன பிறகு வீட்டுக் காரியம் எல்லாம் அம்மாவன் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை கைக்கு வந்தது. அம்மாவின் அண்ணன். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோறு போடச் சொல்வதைக்கூட நிபந்தனைகளோடுதான் சொல்வார். அவர்தான் பூதலிங்கத்தை ஆரியங்கோட்டு ரப்பர் எஸ்டேட்டில் ரைட்டராகச் சேர்த்துவிட்டார். அங்கே கொஞ்ச காலம் கை பழகினால் சர்க்கார் உத்தியோகம் தானே வரும் என்பது அவர் கணக்கு.

எஸ்டேட் துரைக்கு ஒரு மோட்டார் படகு இருந்தது. பூவார்க் கடவில், அதாவது படகுத் துறையில், ஓலைக்கொட்டகை போட்டு வைத்திருந்தார். ஒடுங்கிய, எடை குறைந்த படகு. விடுமுறை நாளில் நெய்யாறு கடலில் சேருகிற இடத்துக்கு அதை ஓட்டிப் போவார்கள். கோடையில் அங்கே கடல் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த மணல் திட்டைத்தான் பொழி என்பார்கள். பொழி அடைத்துக் கிடக்கிற நாளில் இந்தப் பக்கத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கும். துரை அந்தப் பலகைகளில் காலை மாட்டிக்கொண்டு தண்ணீரில் உட்காருவார். படகிலிருந்து வருகிற கயிற்றைப் பிடித்துக்கொள்வார். படகு வேகம் எடுத்ததும் எழுந்து நின்றுவிடுவார். தண்ணீர் அவரைத் தாங்கும். பின்னால் வருகிற ஆள் விழுந்தானா நின்றானா என்று பார்க்க, படகின் பின்கோடியில் பின்புறம் நோக்கி ஒருவர் உட்கார வேண்டும். அந்த வேலைக்குப் பூதலிங்கத்தைப் பிடித்தார்கள்.

பார்க்க மட்டும் உட்கார்ந்தவன், கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். பிறகு பலகை துடைத்தான். பிறகு எஞ்சினில் கை வைத்தான். ஓட்டுநர் காய்ச்சலில் கிடந்த நாளில் படகையே ஓட்டினான். துரை ஊருக்கு ஒரேயடியாகக் கப்பல் ஏறும்போது, படகையும் பலகையையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

படகை வைத்திருப்பது மாட்டை வைத்திருப்பதைவிடக் கஷ்டம். உப்புத் தண்ணீரில் ஓடி வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் தேய்த்துத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் தொங்கவிட வேண்டும். பலகையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மூக்கு நிமிர்ந்துவிடும். மாதம் ஒருமுறை புன்னைக்காய் எண்ணெய். இவ்வளவையும் பூதலிங்கம் சொல்லச் சொல்ல, கூடவே செய்தவள் அக்கா பகவதி. அவள் கணவர் தாலுகா கச்சேரிக்குக் காலையில் போனால் விளக்கு வைக்கத்தான் வருவார். நடுவில் தம்பியோடு வில்வண்டி கட்டிப் பூவாருக்குப் போய் வர அவளுக்கு நேரம் உண்டு. படகுக்காரன் பாலையன் ஒருநாள் வாய்விட்டே கேட்டான்.

"இதென்ன அக்கச்சி, பாத்திரம் வெளக்குத மாதிரி போட்ட வெளக்குதிய?"

"பாத்திரத்தில அழுக்கு இருந்தா வயிறு கெடும். இதில அழுக்கு இருந்தா நடு வெள்ளத்தில நிக்கும். எது பெருசு, நீ செல்லு?"

பாலையன் தன் வள்ளத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

பூதலிங்கம் பலகையில் நிற்கக் கற்றுக்கொண்டது அந்த மகர மாதத்தில், அதாவது தையில். விழுந்ததற்கு அளவில்லை. மூக்கு வழியாகப் போன உப்புத் தண்ணீர் காது வழியாக வந்தது. கயிற்றை நெஞ்சுக்கு இழுத்தால் மல்லாக்க விழுந்தான். காலை விறைத்தால் குப்புற விழுந்தான். கையை நீட்டி, முழங்காலை மடக்கி, படகு தூக்கிவிடும் வரை சும்மா இருக்க வேண்டும் என்பது புரிந்தபோது நின்றுவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் அதே பேச்சு. "முட்ட மடக்கணும், கைய நீட்டணும்." ஈஸ்வரமூர்த்தி பிள்ளைக்கு அதைக் கேட்டுக் கேட்டுச் சோறு இறங்கவில்லை.

கும்பம் போய் மீனம் வந்தது. பத்மநாபபுரத்தில் ஒரு முக்காலி காலியாகப் போகிறது என்று அவருக்குச் சேதி கிடைத்தது. மருமகனைக் கூப்பிட்டார்.

"எலே, மேட மாசம் கழிஞ்சா நீ கச்சேரிக்குப் போணும். அந்த போட்ட கக்காச் சிப்பி வாருத ஆளுக கேட்டிருக்கு. குடுத்திருவோம்."

"அம்மாவா, நான் போவல்ல."

"போவல்லியா? பின்ன ஆயுசு முழுக்க கயித்த பிடிச்சுக்கிட்டு இழுபடப் போறியா? கயித்தில கட்டி இழுத்தா பின்னால வரது மாடாக்கும். மனுசன் இல்ல."

"மாடு வெள்ளத்து மேல நிக்குமா அம்மாவா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். பகவதியின் சிரிப்புதான். ஈஸ்வரமூர்த்தி பிள்ளைக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் கத்துகிற ஆள் அல்ல. நிபந்தனை போடுகிற ஆள்.

"செரி. நிண்ணு காட்டு. வெறுமனே நிண்ணா போராது. பூவார்க் கடவில இருந்து பொழி மணல் வரைக்கும் போவணும். நிண்ணபடியே போவணும். நான் எனக்க கையால உனக்க நெத்தியில பூசி விடுத திருநீறு அழியப்படாது. அக்கரையில பலகைய கழத்திப் போட்டு, வெறுங்காலோட மணல்ல நிண்ணு, எனக்க காலத் தொட்டு கும்பிடணும். இதில ஒண்ணு கொறஞ்சாலும் போட் கக்காக்காரனுக்கு, நீ கச்சேரிக்கு."

"எல்லாம் ஒத்து வந்தா?"

"போட் உனக்கு. பின்ன நான் இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன் ஆக்கும்."

"அத மட்டும் நம்பாத மக்கா," என்றாள் பகவதி உள்ளேயிருந்து.

நாளையும் அவரே குறித்தார். சித்திரையான மேட மாதம் ஊர்க் கோயில் உற்சவத்தில் ஒருநாள் அவர் குடும்பத்துக் கட்டளை. அன்று சாயங்கால தீபாராதனையில் கட்டளைக்காரர் தலையில்தான் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் வராவிட்டால் அது பங்காளி தாணு பிள்ளையின் தலைக்குப் போய்விடும். அதே நாளில் பந்தயத்தை முடித்துவிட்டு, பரிவட்டம் கட்டின தலையோடு மருமகனுக்கு உத்தியோகம் ஆன சேதியைக் கோயிலில் வைத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பார்த்தால், பலகையில் கால் மாட்டுகிற தோல் வார் உப்பில் ஊறி ஊறி இற்றுப் போயிருந்தது. ஒன்று கையோடு வந்தது. பூதலிங்கம் ஆரியங்கோட்டுக்கு ஓடினான். எஸ்டேட்டில் புகை போட்டு உலர்த்திய ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு பழைய சிநேகத்தில் கொடுத்தார்கள். அதைப் பட்டையாக வெட்டி வாருக்குப் பதில் ஆணி அடித்தான். பாதம் வழுக்காமல் இருக்கட்டும் என்று கீழேயும் ஒரு துண்டு வைத்தான். இழுத்தால் நீளுகிறது, விட்டால் காலைக் கவ்வுகிறது. தோலைவிட நூறு மடங்கு மேல்.

பகவதிக்கு ஒரே ஒரு சந்தேகம். வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தால் ரப்பர் பிசுபிசுக்கிறது.

"ரப்பர் எண்ணா மரத்துப் பாலு தானே மக்கா?" என்றாள்.

"ஆமா."

"சக்கையிலயும் பாலு உண்டு. சக்க வெட்டுதப்பம் கையில தேங்கா எண்ண தேச்சுக்கிட்டா ஒட்டாது இல்லியா? இதிலயும் நல்லா தேச்சு விட்டிருவோம்."

மேட மாதத்தில் பலாச்சக்கை வெட்டாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. இதைவிடத் தெளிவான நியாயம் பூதலிங்கத்துக்கும் தோன்றவில்லை. பகவதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தினமும் காலையிலும் மாலையிலும் ரப்பருக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தாள். மேலே, கீழே, ஆணி அடித்த மடிப்புக்குள்ளே எல்லாம் விரல் விட்டுத் தேய்த்தாள். ரப்பர் வாங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் தடித்தும் வந்தது. "நல்லா சாப்பிடுது," என்றாள் திருப்தியோடு.

பந்தய நாளில் பூவார்க் கடவில் கூட்டம். வள்ளக்காரர்கள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். கரையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மாவனுக்கு நெடுநேரம் காத்திருக்கும் வழக்கம் இல்லை என்பதால், பூதலிங்கம் முன்கூட்டியே எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, ஆழம் குறைந்த இடத்தில் பலகையை மாட்டிக்கொண்டு நின்றான். ஆனால் அம்மாவன் மற்றவர்களைக் காக்கவைக்கும் வழக்கம் உள்ளவர். கடவிலேயே கை கால் கழுவி, கிழக்கு நோக்கி நின்று, ஜபத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். அதுவரை பூதலிங்கம் வெயிலில் நின்றான். ரப்பர் பாதத்தைச் சுற்றி இதமாகக் கவ்வியது. அக்காவுக்குக் கைராசிதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஈஸ்வரமூர்த்தி பிள்ளை திருநீற்றைக் குழைத்து மருமகன் நெற்றியில் மூன்று பட்டையாக அழுத்திப் பூசினார். படகில் ஏற வந்தவர், சுக்கான் பக்கம் யார் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நின்றார்.

"ஆரு ஓட்டுதது?"

"நான் தான்," என்றாள் பகவதி.

"பெண்ணு ஓட்டுத போட்டில நான் கேறவா?"

"கேறாண்டாம் அம்மாவா. கரையிலேயே இரிங்க. திருநீறு அழிஞ்சுதா இல்லியாண்ணு நானே பாத்துச் செல்லுதேன்."

அவர் ஏறிவிட்டார். பின்கோடியில், பின்புறம் நோக்கி, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பூதலிங்கம் தண்ணீரில் உட்கார்ந்து முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். கயிறு நேரானது. எஞ்சின் உறுமியது. தோளிலிருந்து விரல் வரை ஒரு இழுப்பு. அவன் எதையும் செய்யவில்லை, இருக்கிறபடி இருந்தான். தண்ணீர் முதலில் மார்பில் முட்டியது, பிறகு தொடையில், பிறகு பாதத்துக்குக் கீழே போய்விட்டது. நின்றுவிட்டான்.

கரையில் ஒரே ஆரவாரம். "எடா, பிள்ளேச்சன் வெள்ளத்தில் நடக்குந்நு!" என்று, பிள்ளை தண்ணீர் மேல் நடப்பதாக, யாரோ மலையாளத்தில் கூவினார்கள்.

படகு வேகம் பிடித்ததும் காற்று முதலில் குடையைப் பிடித்தது. ஈஸ்வரமூர்த்தி பிள்ளை குடையோடு ஒரு அங்குலம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அடுத்து தோளில் கிடந்த மேல்துண்டான நேரியது பறந்தது. அது பூதலிங்கத்தின் தலைக்கு மேலே போய்த் தண்ணீரில் விழுந்தது.

"பைய! பைய போ பிள்ளே!" என்று அலறினார்.

படகு மெதுவாகப் போனால் பின்னால் நிற்கிறவன் முங்கிவிடுவான். அவருக்கும் அது தெரியும், பகவதிக்கும் தெரியும்.

"கேக்கல்ல அம்மாவா!" என்றாள், திரும்பாமல்.

"பைய போண்ணு செல்லுதேன்!"

"நீங்க பைய போண்ணு செல்லுதது ஒண்ணும் எனக்குக் கேக்கல்ல!"

பூதலிங்கத்தின் கவலை எல்லாம் நெற்றிதான். பலகையின் மூக்கில் பட்டு எழும்புகிற தூறல் நேரே முகத்துக்கு வந்தது. முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டான். முக்கால் தூரம் போயிருக்கும். அப்போது நடுவழியில் ஒரு சின்னக் கொச்சுவள்ளம் குறுக்கே வந்தது. பகவதி படகை ஒடித்துத் திருப்பினாள். கயிறு தொய்ந்து, வெடுக்கென்று இறுகியது. பூதலிங்கம் ஒற்றைக் காலில் ஆடினான். மற்ற பலகை தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது. தோல் வாராக இருந்தால் அந்த இடத்தில் கழன்று போயிருக்கும். ரப்பர் விடவில்லை.

"முட்ட மடக்குலே!" என்று ஒரு சத்தம். "கைய நீட்டு! மடக்குலே மக்கா, மடக்கு!"

ஈஸ்வரமூர்த்தி பிள்ளைதான். குடையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பூதலிங்கம் மடக்கினான். பலகை தண்ணீரில் அமர்ந்தது. அப்புறம்தான் தாம் எந்தக் கட்சி என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. குடையை எடுத்துப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

பொழி மணல் நெருங்கியதும் பகவதி படகைத் திருப்பினாள். பூதலிங்கம் கயிற்றை விட்டான். வந்த வேகத்தில் பலகை இரண்டும் வழுக்கிக்கொண்டு ஈர மணலில் ஏறி நின்றன. நெற்றியில் மேல் பட்டையும் நடுப் பட்டையும் அப்படியே இருந்தன. கீழ்ப் பட்டையில் பாதி.

"பாதி போச்சு," என்றார் அம்மாவன், இறங்கி வந்து உற்றுப் பார்த்து.

"பாதி இருக்கு," என்றாள் பகவதி.

அதற்குள் பாலையனும் மற்றவர்களும் வள்ளங்களில் வந்து சேர்ந்துவிட்டார்கள். மூன்று பட்டையும் தெரிகிறது, அழியவில்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இனி பலகையைக் கழற்றி, மணலில் கால் வைத்து, கும்பிட வேண்டியதுதான் பாக்கி. பூதலிங்கம் வலது காலை உருவினான். வரவில்லை. இடது காலை உருவினான். பலகையோடு சேர்ந்து வந்தது. வாரை விலக்கப் பார்த்தான். வார் என்று தனியாக ஒன்று இல்லை. தேங்காயெண்ணெய் குடித்த ரப்பர் வெயிலில் உருகி, பாதமும் வாரும் பலகையும் ஒன்றாகிவிட்டிருந்தது.

"என்ன மக்கா?" என்றாள் பகவதி.

"சக்க வேற, ரப்பர் வேற அக்கா," என்றான் பூதலிங்கம் மெதுவாக.

பாலையன் மீன் வெட்டுகிற கத்தியோடு ஓடி வந்தான். ஈஸ்வரமூர்த்தி பிள்ளை கையை உயர்த்தினார். கோர்ட்டில் இருந்த நாட்கள் அவர் முகத்துக்குத் திரும்பியிருந்தன.

"நில்லு. நான் அல்லாத ஒருத்தனும் அவனத் தொடப்படாது. வேற கை பட்டா பந்தயம் போச்சு. உக்காரவும் படாது. நிண்ணபடியே கழத்தட்டு."

நின்றபடியே, பசை பிடித்த காலை யாரால் கழற்ற முடியும்? அது அவருக்கு நன்றாகத் தெரியும். மணலில் வசதியாக உட்கார்ந்து, குடையை விரித்துக்கொண்டு, மருமகனின் நெற்றியையே பார்த்தார். பூதலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. வெயில் அடிக்கிறது. வேர்க்கிறது. வேர்வை மேலிருந்து இறங்கினால் திருநீறு கரையும். அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, காத்திருந்தால் போதும்.

பகவதிக்கும் விளங்கியது. நேராக அம்மாவனிடம் போய், "குடையக் கொஞ்சம் தாருங்க அம்மாவா, தலை சுத்துது," என்றாள். பெண்பிள்ளை தலை சுற்றுகிறது என்றால் எப்படி மறுப்பது? கொடுத்தார். அவள் குடையைத் தம்பிக்கு மேலே பிடித்துக்கொண்டு, முந்தானையால் அவன் முகத்துக்கு விசிறினாள்.

"தொடப்படாது!"

"தொடல்ல அம்மாவா. காத்துதான் தொடுது."

இப்போது வெயில் ஈஸ்வரமூர்த்தி பிள்ளையின் தலையில் விழுந்தது. அவர் நெற்றித் திருநீறுதான் கரைந்து மூக்கு வழியே இறங்கியது. வள்ளக்காரர்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். பூதலிங்கம் கோயில் துவாரபாலகர் மாதிரி அசையாமல் நின்றான். அசைந்தால் வேர்க்கும். பத்மநாபபுரத்து முக்காலி கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. மறுபக்கம் படகு, சின்ன அலையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வேர்வைத் துளி முடியிலிருந்து கிளம்பி நெற்றி மேட்டில் வந்து நின்றது. அவன் மூச்சுவிடுவதையும் நிறுத்திக்கொண்டான். அக்கா விசிறிய காற்றில் அது அங்கேயே காய்ந்தது.

வெயில் சாய ஆரம்பித்தது. ஈஸ்வரமூர்த்தி பிள்ளை மேற்கே பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். தீபாராதனை. பரிவட்டம். தாணு பிள்ளையின் தலை.

"பகவதி, போட்ட எடு. என்னக் கடவில விட்டுக்கிட்டு வந்திரு. வண்டி நிக்குது."

"எடுக்கலாம் அம்மாவா. எஞ்சின் அணைஞ்சு கிடக்கே? ஹாண்டில சுத்த எனக்குப் பெலன் ஏது? அவன் தான் சுத்தணும். அவன் கால் இந்தக் கோலத்தில நிக்குது."

"பாலையா, வள்ளத்த எடுலே."

"வாருங்க பிள்ளைவாள்," என்று பாலையன் எழுந்தான். "நேத்து பிடிச்ச சாளக் கூட உண்டு. அதுக்க மேல ஓல விரிச்சு தாறேன். மணமெல்லாம் கோயில் போய்ச் சேருததுக்குள்ள போயிரும்."

சைவப் பிள்ளை, சாளை மீன் கூடையின் மேல் உட்கார்ந்து போய்ப் பரிவட்டம் கட்டிக்கொள்வதா! மற்ற வள்ளங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் கூடை. கடற்கரையோடு நடந்து சுற்றிப் போனால் ஊர் சேர இருட்டிவிடும்.

"செரி, பாலையா. நீயே அவன் காலக் கழத்து."

பாலையன் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டான். "வேற கை பட்டா பந்தயம் போவும் எண்ணு நீங்கதான செல்லிச்சு? எனக்கு அந்தப் பாவம் வேண்டாம் பிள்ளைவாள்." மற்றவர்களும் ஆளுக்கு ஒரு அடி பின்வாங்கினார்கள்.

ஈஸ்வரமூர்த்தி பிள்ளை மறுபடியும் சூரியனைப் பார்த்தார்.

"மண்ணெண்ண விட்டா இளகும் அம்மாவா," என்றாள் பகவதி பணிவாக. "பிளக் தொடைக்கதுக்கு ஒரு குப்பி கொண்டுவந்திருக்கேன்."

ஈஸ்வரமூர்த்தி பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். மருமகன் காலடியில் மணலில் முட்டுக் குத்தினார். குப்பியைக் கவிழ்த்தார். ஒரு கையால் பலகையை அழுத்திக்கொண்டு மறு கையால் குதிகாலைப் பிடித்து இழுத்தார். ரப்பர் நூல் நூலாக நீண்டது. வலது கால் வந்தது. இடது காலுக்குப் பலத்தைக் கூட்டி இழுத்தார். கால் வந்த வேகத்தில் அவர் மல்லாக்க மணலில் சாய்ந்தார்.

அவர் எழுந்திருக்கும் முன்பே பூதலிங்கம் வெறுங்காலோடு மணலில் நின்றான். நின்று, குனிந்து, அவர் பாதம் இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நெற்றியில் இரண்டரைப் பட்டை திருநீறு வெள்ளை வெளேரென்று இருந்தது.

காலைத் தொட்டுக் கும்பிடுகிறவனுக்கு ஆசி சொல்லியே பழகிய வாய். கிடந்த கிடையிலேயே அது சொல்லிவிட்டது: "நல்லாயிரு மக்கா."

பாலையன் கூவிய கூவலில் கொக்குகள் எல்லாம் பறந்தன.

அன்று தீபாராதனைக்குக் கற்பூரம் ஏற்றுகிற வேளையில் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை சன்னிதியில் நின்றார். பரிவட்டம் கட்டும்போது பக்கத்தில் நின்ற தாணு பிள்ளை மூக்கை உறிஞ்சினார்.

"என்னவோய், மண்ணெண்ண மணம் அடிக்குது?"

"கோயில்ல நிக்குதப்பம் சாமியப் பாரும் ஓய்," என்றார் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை.

பத்மநாபபுரத்து முக்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். பூதலிங்கம் பலகைக்குச் சைக்கிள் டியூபை வெட்டி வார் போட்டான். அதற்கு எண்ணெய் எதுவும் காட்டவில்லை. ஆற்றைக் கடந்து கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அவன் படகைக் கேட்டு வந்தார்கள். பேறுகாலத்து நோவு கண்டவர்களை அவன் படகில் ஏற்றிக் கரை சேர்த்ததும் உண்டு. ஓணத்துக்கு ஓணம் பொழித் தண்ணீரில் அவன் பலகையில் நிற்பதைப் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அந்த எஞ்சின் எந்த நடு வெள்ளத்திலும் நின்றதில்லை.

அம்மாவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று சொல்ல முடியாது. படகைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்றவர், ஓணத்துக்குப் படகின் பின்கோடியில் பின்புறம் நோக்கி உட்காரும் இடத்தை வேறு ஒருவருக்கும் விட்டதில்லை. குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, போகும் தூரம் முழுவதும், "முட்ட மடக்குலே, கைய நீட்டுலே," என்று ஏசிக்கொண்டே போவார்.

அப்படி ஒரு ஓணத்தில், கடவில் பூதலிங்கம் ஏற்கெனவே பலகையை மாட்டித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் அணைந்திருந்தது. பகவதி சேலையைச் சொருகிக்கொண்டு, ஹாண்டிலைப் பிடித்து, ஒற்றைக் கையால் ஒரு சுற்று சுற்றினாள். எஞ்சின் உறுமியது.

ஈஸ்வரமூர்த்தி பிள்ளை மெதுவாகத் திரும்பினார். அவள் கையைப் பார்த்தார். ஹாண்டிலைப் பார்த்தார்.

"அப்பம் அண்ணைக்குப் பெலன் இல்லைண்ணு செல்லினியே?"

"அண்ணைக்கு இல்ல அம்மாவா," என்றாள் பகவதி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு. "பின்ன நல்லா சாப்பிட்டேன். முன்னால பாராதீங்க, பின்னால பாருங்க. அவன் விழுந்தா ஆரு செல்லுவா?"

அவர் பின்னால் திரும்பிக்கொண்டார்.